கடலில் மிதந்தும் நனையாத விதை

மாங்கேணிக் கரையில் நன்றாக முற்றி உதிர்ந்த அடம்பன் விதை ஒன்றை எடுத்து ஒரு கிளாஸ் தண்ணீரில் போட்டால் அது மிதக்கும். அடுத்த நாளும் மிதக்கும். ஒரு மாதம் கழித்து எடுத்து வெட்டிப் பார்த்தாலும் பெரும்பாலும் உள்ளே பருப்பு உலர்ந்தே இருக்கும். பயறை இரவில் ஊறப்போட்டால் விடியும்போது இரட்டிப்பாக வீங்கிவிடுகிறது. இந்த விதையை ஒரு மாதத் தண்ணீரும் அசைப்பதில்லை. ஆனால் அதன் முதுகில் நகவெட்டியால் சின்னதாக ஒரு வெட்டு வைத்துவிட்டு மறுபடியும் தண்ணீரில் போடுங்கள். மறுநாளைக்குள் பருத்துவிடும். பிறகு ஈரப் பஞ்சில் வைத்தால் சில நாட்களில் வெள்ளை வேர் வெளியே வரும். விதைக்கு உயிர் இருந்தது, தண்ணீர் இருந்தது, சூடு இருந்தது. ஒரு மில்லிமீற்றர்கூடத் தடிப்பில்லாத ஓர் உறைதான் குறுக்கே நின்றது.

வீட்டில் விதை போட்டுப் பார்க்கிறவர்கள் இந்த இடத்தில்தான் சலித்துப்போகிறார்கள். கடையில் வாங்கிய பூக்கொடி விதையோ கரையில் பொறுக்கிய விதையோ, மண்ணில் போட்டு மூன்று வாரம் தண்ணீர் ஊற்றியும் ஒன்றும் வராவிட்டால் 'விதை செத்துப்போச்சு' என்று சட்டியைக் கவிழ்த்துவிடுகிறார்கள். பல வேளைகளில் அந்த விதை செத்திருக்காது. தனக்கு வேண்டிய அறிகுறி இன்னும் வரவில்லை என்று அது காத்திருக்கிறது. இந்தக் கடினமான உறை விதையின் குறை அன்று, விதைக்குள் இருக்கும் காலக்கணிப்பு. அது எப்படிக் கணக்கிடுகிறது என்று தெரிந்துகொண்டால் வீட்டில் முளைக்க வைப்பதும் எளிதாகிவிடும்.

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குப் போகும் ஏ15 வீதியில், வாழைச்சேனையைத் தாண்டி வடக்கே போனால் பனிச்சங்கேணிப் பாலத்துக்கு முன்னால் வருகிறது மாங்கேணி. கிழக்கே கடல், உள்ளே களப்பு, இடையில் மணல். அலை தொட்டுத் திரும்பும் கோட்டுக்குச் சற்று மேலே, வேறெந்தச் செடியும் நிற்கத் தயங்கும் இடத்தில், அடம்பன் படர்ந்து கிடக்கும். நுனி பிளந்த தடித்த இலை, காலையில் விரிந்து பிற்பகலுக்குள் வாடிவிடும் ஊதாப் பூ, கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலை இறுக்கிப் பிடிக்கும் தண்டு. 'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்று நம்மவர் சொல்வது இந்தக் கொடியைப் பார்த்துத்தான். சங்கப் பாடல்களின் நெய்தல் நிலத்தில் அடும்பு என்று வருவதும் இதுதான். தாவரவியலில் இதன் பெயர் ஐப்போமியா பெஸ்-கேப்ரே. வற்றாளைக் கிழங்கும், கங்குன் கீரையும், வீட்டு வேலியில் ஏறும் மயிர்மாணிக்கமும் இதே ஐப்போமியாப் பேரினம். வெப்பவலயக் கடற்கரைகளில் ஏறக்குறைய உலகம் முழுவதும் காணக்கூடிய சில செடிகளுள் அடம்பனும் ஒன்று.

அந்தப் பரவலுக்குக் காரணம் விதைதான். காய் ஒன்றில் வழக்கமாக நான்கு விதைகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஏழெட்டு மில்லிமீற்றர் அளவு. கறுப்பு அல்லது கடும் கபில நிறத்தோலின் மேல் குட்டையான மயிர் நெருக்கமாகப் படர்ந்திருக்கும். ஒரு பக்கம் உருண்ட முதுகு, மறுபக்கம் சரிந்த இரண்டு தட்டையான முகங்கள், அவை சேரும் முனையருகே காயோடு ஒட்டியிருந்த தழும்பு. உள்ளே வித்திலைகள் கசங்கி மடிந்து கிடக்கின்றன. அந்த மடிப்புகளுக்கு இடையே இருக்கும் காற்றுதான் விதையை மிதக்க வைக்கிறது. இங்கே ஒரு எச்சரிக்கை. நெல் விதைக்கும் வீடுகளில் விதைநெல்லைத் தண்ணீரில் போட்டு, மிதப்பதைப் பதர் என்று ஒதுக்குவது பழக்கம். அந்தச் சோதனையை அடம்பனில் செய்தால் நல்ல விதை முழுவதையும் வீசிவிடுவீர்கள். இங்கே பார்க்க வேண்டியது துளை. வண்டு குடைந்த விதையில் குண்டூசி நுனியளவு வட்டத் துளை தெரியும். அதை மட்டும் ஒதுக்கினால் போதும்.

இனி உறைக்குள் போவோம். நம் பாடப்புத்தகங்கள் வித்துறை என்று சொல்லும் தோலின் வெளிப்புறத்தில், நீண்டு ஒடுங்கிய கலங்கள், வேலிக்கு நெருக்கி அடித்த கம்புகள் மாதிரி, பக்கத்தோடு பக்கம் இடைவெளியில்லாமல் நிற்கின்றன. அவற்றின் சுவர்கள் தடித்து, இலிக்னினும் நீரை விலக்கும் பொருள்களும் ஏறியிருக்கின்றன. விதை பச்சையாக இருக்கும்போது இந்த அடுக்கு நீரைத் தடுப்பதில்லை. காய் முற்றிக் காயும் கடைசிக் கட்டத்தில், விதையின் ஈரம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கும்போதுதான் அடுக்கு இறுகி அடைபடுகிறது. இதில் ஒரு நடைமுறைப் பயன் உண்டு. காய் பச்சை மாறிப் பழுப்பாகத் தொடங்கிய வேளையில், விதை கறுத்தும் இன்னும் வற்றாமலும் இருக்கும்போது எடுத்து உடனே விதைத்தால் கீறாமலேயே முளைக்கக்கூடும். அந்த விதையைச் சேமித்து வைக்க முடியாது என்பதுதான் குறை.

இப்படி நீர் புகாத உறையால் வரும் காத்திருப்பைப் பௌதிக உறங்குநிலை என்கிறார்கள். பதினைந்துக்கும் மேற்பட்ட தாவரக் குடும்பங்களில் இது உண்டு. குன்றிமணி, கழற்சி, புளி, பூவரசு என்று நம் முற்றத்தையும் கரையையும் சேர்ந்த பலவும் இந்த வகைதான். இவை காட்டில் எப்படி முளைக்கின்றன என்று கேட்டால் நெடுங்காலமாக ஒரே விடைதான் கிடைத்து வந்தது: மணலில் உருண்டு தேய்கின்றன, அல்லது மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் உறையை அரிக்கின்றன. பாடசாலையில் நாமும் அப்படித்தான் படித்தோம். இன்றும் பல தோட்டக்கலைப் புத்தகங்கள் அதையே சொல்கின்றன.

அந்த விடையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. தேய்வதும் அரிப்பதும் எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம், விதையின் எந்த இடத்திலும் நடக்கலாம். கோடை உச்சியில் ஒரு விதை தேய்ந்து திறந்தால், அடுத்த தூறலில் முளைத்து, அடுத்த வெயிலில் கருகிவிடும். இத்தனை நேர்த்தியாக அடைக்கப்பட்ட ஓர் உறையைத் திறக்கும் வேலை இவ்வளவு குருட்டுத்தனமான ஒன்றிடம் விடப்பட்டிருக்குமா? அமெரிக்காவின் கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில் விதை உறங்குநிலையை நெடுங்காலம் ஆராய்ந்த கரோல் பாஸ்கின், ஜெரி பாஸ்கின் இணையர் இந்தக் கேள்வியை விடாமல் எழுப்பினார்கள். உறை முழுவதும் தேய வேண்டியதில்லை, அதில் ஒரு குறிப்பிட்ட இடம் திறப்பதற்கென்றே அமைந்திருக்கிறது என்பது அவர்கள் வாதம். அவரைக் குடும்பத்தில் அது தழும்பின் அருகே ஒரு சிறு மேடு. பூவரசும் பருத்தியும் சேர்ந்த குடும்பத்தில் வேறோர் இடத்து அடைப்பு. இந்த இடத்தை நாம் நீர்வாசல் என்று சொல்லலாம்.

அடம்பன் குடும்பத்தின் நீர்வாசலைக் கண்டு சொன்னவர் ஓர் இலங்கையர். பேராதனைப் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் கெஹான் ஜயசூரிய, பாஸ்கின் இணையருடனும் ராபர்ட் ஜெனீவுடனும் சேர்ந்து 2007இல் வெளியிட்ட ஆய்வு அது. அவர்கள் எடுத்துக்கொண்டது ஐப்போமியா லக்குனோசா என்ற வெள்ளைப் பூக்கொடி, அமெரிக்க வயல்களின் களை. நுண்ணோக்கியில் பார்த்தபோது, விதையின் தழும்பருகே உள்ள நுண்துளைக்கு இரு பக்கமும் இரண்டு சிறு புடைப்புகள் தெரிந்தன. அங்கே கலங்கள் நிற்கும் திசை மற்ற இடங்களிலிருந்து மாறுகிறது. திசை மாறும் எல்லைதான் உறையின் மெலிந்த கோடு. ஈரமான சூட்டில் வைத்த விதையில் அந்தக் கோட்டில் பிளவு விழுந்தது. சாயம் கலந்த நீர் அந்தப் பிளவு வழியே உள்ளே போனது. உறையின் மற்றப் பகுதி அப்படியே இருந்தது.

அடுத்து வந்தவை இன்னும் அழகான முடிவுகள். வெறும் சூடு, வெறும் ஈரம் என்று தனித்தனியாகக் கொடுப்பதைவிட, 35 பாகை செல்சியஸ் சூட்டில் ஈரமான மணலில் வைப்பதே அந்த விதையைத் திறந்தது. உள்ளே சேரும் நீராவியின் அழுத்தம் புடைப்பைத் தள்ள, விளிம்பில் பிளவு உண்டாகிறது என்று 2009இல் அதே குழு ஒரு விளக்கம் முன்வைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு அவர்கள் காட்டியது எனக்கு எல்லாவற்றிலும் வியப்பானது. பார்வைக்கு ஒரேமாதிரி இருக்கும் இரண்டு விதைகள் ஒரே சூட்டையும் ஈரத்தையும் பெற்றும், ஒன்று திறக்கும், மற்றது திறக்காது. கடந்துவந்த வெப்பத்தையும் ஈரத்தையும் பொறுத்து விதை ஒரு காலத்தில் அறிகுறிக்கு இணங்கும் நிலையிலும், வேறொரு காலத்தில் இணங்காத நிலையிலும் இருக்கிறது. இந்த நிலைகள் மாறி மாறி வரக்கூடியவை. வாசல் ஒருமுறை திறந்தால் மறுபடி மூடாது. ஆனால் திறக்கலாமா வேண்டாமா என்ற ஆயத்தம் பருவத்துக்குப் பருவம் மாறிக்கொண்டே இருக்கிறது. மூளையும் நரம்பும் இல்லாத, முளையம்கூட அசையாமல் கிடக்கும் ஒரு பொருளில், இறந்த கலங்களாலான தோல் மட்டும் பருவத்தைக் கணக்கெடுக்கிறது.

இதை மாங்கேணி மணலில் வைத்துப் பார்க்கலாம். மட்டக்களப்புப் பக்கத்து மழையின் பெரும்பகுதி ஐப்பசி கடந்து, வாடைக் காற்றோடு வருகிறது. கார்த்திகையும் மார்கழியும் நனைந்து முடிந்து, தை தாண்டினால் மணல் காயத் தொடங்கும். பிறகு நெடிய கோடை, கச்சான் காற்று, நண்பகலில் வெறுங்கால் வைக்க முடியாத மணல். இடையில் எப்போதாவது ஒரு மழை பெய்யும். ஈரத்தை மட்டும் பார்த்து முளைக்கும் விதை அந்த ஒரு மழையை நம்பி ஏமாந்துபோகும். மணலின் மேற்பரப்பு இரண்டே நாளில் காய்ந்துவிடும், நாற்றின் வேரோ அதற்குள் ஆழத்து ஈரத்தை எட்டியிருக்காது. சூட்டையும் ஈரத்தையும் சேர்த்துக் கேட்டு, அதற்கும் முன்னால் கடந்த மாதங்களையும் கணக்கில் வைக்கும் உறை, விதையை அந்த ஏமாற்றத்திலிருந்து காக்கிறது. ஒரே காயின் நான்கு விதைகளும் ஒரே ஆண்டில் திறப்பதில்லை என்பதும் இதோடு சேர்ந்தது. ஒரு மாரி பொய்த்தால் அடுத்த மாரிக்கு மணலில் மீதி இருக்கும்.

காத்திருப்பு எவ்வளவு நீளலாம் என்பதற்கு நம் குளங்களில் பூக்கும் தாமரை சாட்சி. அங்கே நீரைத் தடுப்பது பழத்தின் சுவர், அடம்பனில் வித்துறை. தடுக்கும் முறை ஒத்தது. சீனாவின் பழைய ஏரிப் படுகை ஒன்றிலிருந்து எடுத்த தாமரை விதை சுமார் 1,300 ஆண்டு பழமையானது என்று கணிக்கப்பட்டது, அதுவும் முளைத்தது. ஜேன் ஷென்-மில்லர் குழு 1995இல் இதை வெளியிட்டது. முளைக்க வைக்க அவர்களும் அந்தப் பழச்சுவரை அரத்தால் தேய்த்தார்கள்.

கடலுக்கு வருவோம். உப்புநீரில் கிடந்த விதை முளைக்குமா என்று முதலில் ஒழுங்காகச் சோதித்தவர்களுள் ஒருவர் சார்ள்ஸ் டார்வின். 1850களில் தன் வீட்டிலேயே போத்தல்களில் உப்புநீர் நிரப்பி விதைகளைப் போட்டு வைத்தார். 87 வகைகளில் 64 வகை 28 நாள் ஊறிய பிறகும் முளைத்தன. சில 137 நாளைத் தாங்கின. அத்திலாந்திக் நீரோட்டங்களின் சராசரி வேகத்தை நாளுக்கு 33 மைல் என்று வைத்து, 28 நாளில் 924 மைல் போகலாம் என்று கணக்கிட்டார். மாங்கேணியிலிருந்து கிழக்கே நிக்கோபார் தீவுகள் ஏறத்தாழ 1,200 கிலோமீற்றர். டார்வினின் கணக்குக்குள் அடங்கும் தூரம். வங்காள விரிகுடாவின் நீரோட்டம் பருவக்காற்றோடு திசை மாறுவது. ஆகவே இங்கிருந்து போகவும் முடியும், அங்கிருந்து வரவும் முடியும்.

டார்வின் கையாண்டவை பெரும்பாலும் நிலத்துச் செடிகள், பலவும் மூழ்கிப்போயின. அடம்பன் விதை மாதக்கணக்கில் மிதப்பது. 1883இல் கிரக்கத்தோவா எரிமலை வெடித்துத் தீவையே சாம்பலாக்கியது. அதனால் எழுந்த பேரலையின் அசைவு இலங்கைக் கரைகளிலும் பதிவானது. மூன்று ஆண்டு கழித்து, 1886இல், டச்சுத் தாவரவியலாளர் மெல்க்கியோர் ட்ரோய்ப் அங்கே இறங்கிப் பார்த்தபோது கரையில் வந்து சேர்ந்திருந்த சில செடிகளுள் அடம்பனும் இருந்தது. கொண்டுவந்து நட ஆளில்லை, கடல்தான் கொண்டுவந்து சேர்த்தது. 2014இல் யப்பானிய ஆய்வுக்குழு ஒன்று உலகின் பல கரைகளிலிருந்து அடம்பனைச் சேகரித்து மரபணுக்களை ஒப்பிட்டது. சமுத்திரங்கள் பிரித்து வைத்த கரைகளுக்கிடையே இன்றுவரை உறவு அறாமல் இருப்பதற்கு மிதக்கும் விதைகளே காரணம் என்பது அவர்கள் முடிவு.

நீர் புகாத உறையின் இரண்டாவது வேலை இங்கேதான் விளங்குகிறது. கடல்நீரில் லீற்றருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. உறை திறந்த விதை நடுக்கடலில் ஊறினால் மிதப்பும் போகும், முளைக்கவும் முடியாது, ஏனென்றால் உப்பு அடர்ந்த நீரிலிருந்து தேவையான அளவு நீரை முளையத்தால் இழுக்க இயலாது. கரையேறி, மணலில் புதைந்து, மாரி மழை உப்பைக் கழுவிய பிறகே திறக்க வேண்டும். உறை அதுவரை பொறுக்கிறது.

வீட்டில் நாம் செய்வது இந்தப் பருவக் கணக்கைத் தாண்டி, நாமே பக்கத்தில் ஒரு வாசல் வெட்டுவது. அதனால் கணக்கின் பொறுப்பும் நம்மிடம் வந்துவிடுகிறது. மழை இல்லாத காலத்தில் கீறினால் தண்ணீர் ஊற்றவேண்டியவர் நீங்கள்தான்.

எங்கே கீறுவது என்பதே முக்கியம். விதையின் தழும்பைத் தேடுங்கள். முளைவேரின் நுனி அதற்கு அருகில்தான் இருக்கிறது. அங்கே கத்தி பட்டால் விதை முடிந்தது. தழும்புக்கு எதிரே, உருண்ட முதுகில் கீறுங்கள். விரல்நகம் வெட்டும் நகவெட்டியே போதும். விதையை இரண்டு விரல்களால் பிடித்து முதுகின் விளிம்பில் ஒரு சிறு துண்டை மட்டும் கடிக்க விடுங்கள். கறுப்புத் தோல் போய் உள்ளே வெளிறிய நிறம் ஒரு புள்ளியாகத் தெரிந்ததும் நிறுத்துங்கள். பிள்ளைகள் செய்வதானால் நகவெட்டியைவிட அரமோ தச்சர் மரம் தேய்க்கும் சாண்ட் பேப்பரோ பாதுகாப்பு. தாளைத் தரையில் வைத்து விதையின் முதுகை அதன்மேல் தேய்த்தால் அதே வெளிறிய புள்ளி வரும். ஆய்வுகூடங்களில் செறிந்த சல்பூரிக் அமிலம் பயன்படுத்துவார்கள். வற்றாளையில் புதிய இனங்களை உருவாக்குகிறவர்களும் அதன் கடின விதைகளை அப்படித் திறப்பதுண்டு. வீட்டுக்குள் அந்த வேலை வேண்டவே வேண்டாம்.

வெந்நீர் முறையும் இருக்கிறது. கொதித்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி, கொதி நன்றாக அடங்கிய பிறகு விதையின் மேல் ஊற்றி, ஆறும்வரை அப்படியே விடுவது. நூற்றுக்கணக்கான விதைகளை ஒன்றொன்றாகக் கீற முடியாதபோது இது உதவும். ஆனால் சூடு கூடினால் முளையம் வெந்துவிடும், குறைந்தால் வாசல் திறக்காது. பத்துப் பன்னிரண்டு விதைகளுக்குக் கீறுவதுதான் நிச்சயமானது.

கீறியதைச் சாதாரணத் தண்ணீரில் மாலையில் போட்டுக் காலையில் பாருங்கள். நீர் குடித்தவை தெளிவாகப் பருத்துத் தோல் மிருதுவாகியிருக்கும். கல்லுப்போல் இருப்பவற்றில் கீறல் உள்ளே எட்டவில்லை என்று பொருள். அவற்றை மட்டும் எடுத்து இன்னும் கொஞ்சம் தேய்த்து மறுபடி போடுங்கள். ஒரு நாளுக்கு மேல் எதையும் ஊற விடாதீர்கள். நீர் குடித்த விதை மூச்சுவிடத் தொடங்கிவிடும். தேங்கிய தண்ணீரில் ஒட்சிசன் போதாமல் அது அழுகும்.

நாற்றுப் பாத்திரத்துக்கு நம் வீடுகளில் பஞ்சமில்லை. எருமைத் தயிர் வரும் மண்சட்டியின் அடியில் ஒரு துளை போட்டால் அருமையான பாத்திரம். சிரட்டையும் ஆகும், பொலித்தீன் பையும் ஆகும். மூன்று பங்கு மணலுக்கு ஒரு பங்கு தும்புத்தூள் கலந்து நிரப்பி, விதையை ஒரு விரற்கணு ஆழத்துக்கும் குறைவாகப் புதையுங்கள். வெயில் படும் இடம் வேண்டும். நம் ஊர்ச் சூட்டில் ஒரு வாரத்துக்குள் முளை தலை காட்டும். முதலில் வருபவை இரு மடலாக ஆழப் பிளந்த வித்திலைகள். அடுத்து வரும் உண்மையான இலைகளோடு அவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. சில நாற்றுகளின் தலையில் பழைய வித்துறை தொப்பியாக மாட்டிக்கொண்டு வித்திலையை விரிய விடாது. பிடுங்கினால் வித்திலை கிழியும். ஈரத் துணியால் தொட்டுச் சிறிது நேரம் நனைத்துவிட்டால் தானே கழலும். இந்தக் குடும்பத்துக்கு நேராக இறங்கும் ஆணிவேர் உண்டு. அதை அசைத்தால் செடி பின்னடையும். அதனால் ஒரு பாத்திரத்துக்கு ஒரு விதைதான், இடம் மாற்றும்போது மண்ணோடு சேர்த்தே மாற்ற வேண்டும்.

மேலே சொன்னது அடம்பனுக்கு மட்டும் அல்ல. இரவில் வெள்ளைப் பூ விரிக்கும் நாகமுகட்டைக்கும், நீலக் காக்கட்டானுக்கும் இதே முறைதான். காக்கட்டானை யப்பானில் எடோ காலத்திலிருந்து வெறியோடு வளர்த்திருக்கிறார்கள். இன்றும் அங்கே ஆரம்பப் பாடசாலையின் முதலாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு சட்டியில் அந்தக் கொடியை விதையிலிருந்து வளர்க்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு அடம்பன் அப்படி ஒரு செடியாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை. ஒரு எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தக் குடும்பத்தின் சில இனங்களுடைய விதைகளில் மூளையைப் பாதிக்கும் அல்கலாய்டுகள் உள்ளன. கடை விதைகளில் பூஞ்சைக்கொல்லி பூசியிருக்கவும் கூடும். விதையை எவரும் வாயில் வைக்கக் கூடாது, சிறு பிள்ளைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

பாடசாலைப் பிள்ளைகள் செய்யக்கூடிய ஒரு சோதனை இது. ஒரே இடத்தில், ஒரே நாளில் பொறுக்கிய நாற்பது விதைகளை நான்காகப் பிரியுங்கள். முதல் பத்தைத் தொடாமல் நல்ல தண்ணீரில் நனைத்த பஞ்சில் வையுங்கள். இரண்டாவது பத்துக்கு வெந்நீர் ஊற்றி, ஆறியதும் அதேபோல் பஞ்சில் வையுங்கள். மூன்றாவது பத்தைக் கீறி நல்ல தண்ணீரில் நனைத்த பஞ்சிலும், நான்காவது பத்தைக் கீறிக் கடல் தண்ணீரில் நனைத்த பஞ்சிலும் வையுங்கள். இரண்டு வாரம் நாள்தோறும் எண்ணி எழுதுங்கள். முதல் கூட்டத்தில் ஒன்றோ இரண்டோ முளைக்கலாம், ஒன்றும் முளைக்காமலும் இருக்கலாம். அந்த ஒன்றிரண்டுதான் ஏற்கெனவே வாசல் திறந்தவை. மூன்றாவது கூட்டம் ஏறக்குறைய முழுவதும் வரும். நான்காவதில் வேர் வெளிவராது, வந்தாலும் நின்றுவிடும். இரண்டு வாரம் முடிந்ததும் அந்த விதைகளைக் கழுவி நல்ல தண்ணீருக்கு மாற்றுங்கள். கரையோரத் தாவரங்கள் பலவற்றில் உப்பு விதையைக் கொல்வதில்லை, தடுத்து மட்டுமே வைக்கிறது. அடம்பனில் எத்தனை மீள்கின்றன என்று பிள்ளைகளே எண்ணட்டும். வீட்டில் பூதக்கண்ணாடி இருந்தால் முதல் கூட்டத்தில் முளைத்த விதையின் தழும்பருகே எங்கே பிளந்திருக்கிறது என்று பார்க்கலாம்.

தண்டை வெட்டி நட்டாலே அடம்பன் வந்துவிடுமே, விதைக்கு ஏன் இத்தனை பாடு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தண்டு நட்டால் வேகமாகப் படரும், உண்மை. ஆனால் அடம்பன் பூ தன் மகரந்தத்தால் தானே காய்ப்பதில்லை. ஒரே தாய்க்கொடியின் தண்டுகளை ஒரு கரை முழுக்க நட்டால் அது பச்சையாக இருக்கும், பூக்கும், தேனீ வரும், காய் மட்டும் பிடிக்காது. விதையிலிருந்து வந்த கொடிகள் ஒவ்வொன்றும் வேறு வேறு ஆள். அவை கலந்து படர்ந்தால்தான் அந்தக் கரை தனக்கான விதையைத் தானே உண்டாக்கும். திரளுவது என்றால் இங்கே ஒன்றே பலவாகப் பெருகுவது மட்டும் போதாது, பலதும் சேர வேண்டும்.

2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலை மாங்கேணியை அடுத்த வாகரைப் பக்கத்துக் கரையையும் உரித்துப்போட்டது. அப்படியொரு அலையை ஒரு கொடி தடுத்துவிடும் என்று யாரும் சொல்லக்கூடாது. அடம்பனின் வேலை வேறு. நாளாந்தக் காற்று தூக்கும் மணலைத் தண்டுகளால் பிடித்துவைத்து, புதைந்தாலும் மேலே வந்து, மணல்மேட்டை அங்குலம் அங்குலமாக உயர்த்துவது. அந்த மேடு நின்றால்தான் பின்னால் தாழை போன்றவை வரும். பேரலைக்குப் பின் கிழக்குக் கரையில் பல இடங்களில் சவுக்கு நட்டார்கள். சவுக்கு நிழலும் அது உதிர்க்கும் சருகும் அடர்ந்த இடத்தில் வெயில் விரும்பும் இந்தக் கொடி தழைக்காது. கடலைப் பார்த்த முதல் வரிசையை அடம்பனுக்கு விட்டுவைத்து, மரங்களைப் பின்னால் தள்ளி நட்டிருக்கலாம் என்பது என் எண்ணம். இனி நடுகிறவர்களாவது அதைச் செய்யலாம்.

வீட்டில் வளர்த்த நாற்றுகளைக் கரைக்குக் கொண்டுபோவதானால் ஐப்பசி முடிவில், முதல் நல்ல மழை மணலை ஒரு முழ ஆழத்துக்கு நனைத்த பிறகு நடுங்கள். உயர்ந்த அலை விட்டுச்சென்ற குப்பைக் கோட்டுக்கு மேலே இடம் தேருங்கள். நாலைந்து இலை வந்த நாற்றை மண்ணோடு இறக்கி, தண்டின் முதல் கணுவும் மணலுக்குள் போகும்படி மூடுங்கள். நாற்றுகளுக்கு நடுவே கொஞ்சம் கீறாத விதைகளையும் புதைத்துவிடுங்கள். இந்த ஆண்டு நாற்றுகள் தவறினாலும் அவை பின்வரும் மாரிகளில் வரும். ஆடு மாடு மிதிக்காமல் முதல் இரண்டு மாதம் முட்கிளை போட்டு மறைத்தால் போதும். அதற்குள் தண்டு கணுக்கணுவாக வேர்விட்டுத் தன் பாட்டில் போய்க்கொண்டிருக்கும்.